நன்றி மறந்தவர்களா ஆஸ்திரேலியர்கள்? – கடிதம்

வணக்கம் ஐயா,

நீண்டகாலம் ஆண்ட அரசுகள் பற்றிய உங்கள் கட்டுரையில், மக்கள் வயிறு காய்ந்தால்தான் ஆட்சி கவிழும் என்பது உண்மையல்ல என்று சொல்லி, 2007 ஆஸ்திரேலியத் தேர்தலை ஒரே வரியில் சுட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த ஆண்டு நான் பிரிஸ்பேனில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். தண்ணீர்ப் பஞ்சம் இருந்தது உண்மை. மற்றபடி வேலை கிடைத்தது, கடைகளில் கூட்டம், அரசுக்குக் கடன் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். நாட்டை அந்த நிலையில் வைத்திருந்த பிரதமர் ஜான் ஹாவர்டை அவருடைய சொந்தத் தொகுதியிலேயே தோற்கடித்தது நன்றிகெட்ட செயல் அல்லவா? அல்லது தொழிற்சங்கங்களின் விளம்பரத்தில் மயங்கிவிட்டார்களா? உரிய நேரத்தில் நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோவிடம் பதவியைக் கொடுத்திருந்தால் கட்சி பிழைத்திருக்குமா?

அன்புடன்,
ஆர்.கே., ஈரோடு

*

அன்புள்ள ஆர்.கே.,

உப்பை யார் இட்டார்கள் என்பதில்தான் நமக்குள் வழக்கு. 2007இல் ஆஸ்திரேலியாவின் வேலையின்மை 4.3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாடு காணாத தாழ்வு அது. மத்திய அரசின் நிகரக் கடன் அதற்கு முந்தைய ஆண்டே தீர்ந்துவிட்டது. மறுக்கவில்லை. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் வெட்டிய இரும்புத் தாதுவைக் கேட்ட விலை கொடுத்துச் சீனா அள்ளிக்கொண்டு போன காலம் அது. டாலரைச் சந்தை விலையில் மிதக்கவிட்டது, வங்கித்துறையைத் திறந்துவிட்டது, சுங்கவரியைக் குறைத்தது போன்ற கசப்பான வேலைகளையெல்லாம் 1983 முதல் 1996 வரை ஆண்ட லேபர் கட்சியின் ஹாக், கீட்டிங் அரசுகள் முடித்துவிட்டு, அதற்கான வசவையும் வாங்கிக்கொண்டு போயிருந்தன. கஜானா நிரம்பியதில் ஹாவர்டுக்கும் அவருடைய நிதியமைச்சர் காஸ்டெல்லோவுக்கும் பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை.

ஹாவர்டைச் சிறிய மனிதராகக் காட்டுவது என் நோக்கமல்ல. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றபோது, பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத பிரதமர் அவர். துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த கிராமப்புறம் அவருடைய கூட்டணியின் கோட்டை. அந்தக் கோட்டையையே பகைத்துக்கொண்டு சட்டம் கொண்டுவந்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி அழித்தார். ஜி.எஸ்.டி. விஷயத்திலும் அப்படித்தான். 1998 தேர்தலுக்குப் போகும்போதே புதிய வரி விதிக்கப்போகிறேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். வாக்குச்சீட்டில் அடுத்தடுத்த விருப்பமாகக் குறிக்கும் வாக்குகளையும் கணக்கில் சேர்த்தால் நாடு முழுவதும் எதிர்க்கட்சியைவிடக் குறைவாக வாங்கினார்; ஆனாலும் இடங்களின் எண்ணிக்கையில் தப்பினார். சொல்லிவிட்டுச் செய்தவரை மக்கள் முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2007க்கு வரும்போது வேண்டியிருக்கும்.

2004 தேர்தலில் அவர் எதைச் சொல்லி வாக்குக் கேட்டார்? வட்டி. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடன்களில் பெரும்பகுதி மாறும் வட்டியில் ஓடுபவை. மத்திய வங்கி கால் சதவீதம் ஏற்றினால் அடுத்த மாதத் தவணையிலேயே தெரியும். வட்டியைக் குறைவாக வைத்திருக்க யாரை நம்புவீர்கள், எங்களையா எதிர்க்கட்சியான லேபரையா என்பதுதான் அந்தப் பிரச்சாரத்தின் சாரம். வென்றார். கீழவையில் மட்டுமல்ல, 76 இடங்கள் கொண்ட மேலவையான செனட்டில் 39 இடங்களும் கைக்கு வந்தன. 2005 ஜூலை 1 முதல் அந்தப் பெரும்பான்மை நடைமுறைக்கு வந்தது. 1981க்குப் பிறகு எந்த ஆஸ்திரேலிய அரசுக்கும் வாய்க்காத பேறு!

அந்தப் பேறுதான் அந்த அரசைக் கொன்றது என்பது என் வாதம். அதுவரை ஹாவர்டின் தொழிலாளர் சட்டங்கள் செனட்டுக்குப் போகும், அங்கே சிறு கட்சிகள் வெட்டும், பாதி தள்ளுபடியாகும், மீதி சட்டமாகும். அவர் செனட்டைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவரை அவரிடமிருந்தே காத்துவந்தது அந்தச் செனட்தான். தடுக்க ஆளில்லாத நிலை வந்ததும், இளவயதிலிருந்து மனதில் வைத்திருந்த சட்டத்தை அப்படியே எடுத்து வெளியே வைத்தார். அதன் பெயர் வொர்க்சாய்ஸ். 2004 பிரச்சாரத்தில் இந்த அளவுக்கான மாற்றத்தைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. 2005 டிசம்பரில் நிறைவேறியது, 2006 மார்ச் 27 முதல் அமல்.

சட்டத்தின் உள்ளே என்ன இருந்தது? நூறு பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களில், அநியாயமாக நீக்கப்பட்டேன் என்று தொழிலாளி முறையிடும் உரிமை போய்விட்டது. பெரிய நிறுவனங்களும் ‘நிர்வாகக் காரணம்’ என்று சொல்லித் தப்பலாம். சங்கத்தை ஒதுக்கிவிட்டு ஒவ்வொருவரோடும் தனித்தனி ஒப்பந்தம் போடலாம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் விடுமுறை நாள் வேலைக்கும் ஓவர்டைமுக்கும் காலங்காலமாக இருந்த கூடுதல் சம்பளத்தை அந்த ஒப்பந்தத்தில் கழற்றிவிடலாம். ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமே 2006 மே மாதம் 250 ஒப்பந்தங்களை மாதிரிக்கு எடுத்துப் பார்த்து, செனட் குழுவிடம் கணக்குச் சொன்னது. ஒவ்வொன்றிலும், விதிவிலக்கே இல்லாமல், பாதுகாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஏதாவது ஒரு சலுகையாவது காணாமல் போயிருந்தது. 16 சதவீத ஒப்பந்தங்களில் எல்லாமே போயிருந்தன. அதன்பின் அந்தக் கணக்கை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். கணக்கை நிறுத்தினால் கோபமும் நின்றுவிடும் என்று நினைக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை ஊரான காஃப்ஸ் ஹார்பரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த பெண்மணிக்கு நீட்டப்பட்ட ஒப்பந்தம்தான் எனக்கு இந்த விவகாரம் முழுவதையும் காட்டுகிறது. மணிக்கு 2 சென்ட் கூடுதலாகத் தருகிறோம் என்றது அது. பதிலாக ஞாயிறு, ஓவர்டைம் சம்பளத்தை விட்டுவிட வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவருக்கு வாரத்துக்கு 90 டாலர் அளவுக்கு நஷ்டம். அவர் கையெழுத்துப் போடவில்லை. விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. ‘2 சென்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் எந்தச் சமையலறையிலும் கணக்குப் போட்டுவிடலாம். பொருளாதார வளர்ச்சி விகிதத்தை வைத்து யாரும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2005 நடுவிலேயே, சட்டம் வருவதற்கு முன்பே, ஒரு விளம்பரத்தை ஒளிபரப்பியது. வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய்க்குத் தொலைபேசி வருகிறது. உடனே வேலைக்கு வா என்கிறார் முதலாளி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்கிறாள். வராவிட்டால் வேலை இல்லை. அவ்வளவுதான் கதை. மிகைதான், பிரச்சாரம்தான். ஆனால் அரசும் சும்மா இருக்கவில்லை. சட்டம் நிறைவேறும் முன்பே அதைப் புகழ்ந்து விளம்பரம் செய்ய 2005இல் பொதுப்பணத்திலிருந்து சுமார் ஐந்தரைக் கோடி டாலரைக் கொட்டியது. வொர்க்சாய்ஸ் என்று அச்சடித்த பேனாக்களும் மவுஸ் பேட்களும் தயாராயின. பின்னாளில் அவை கிடங்கில் குவிந்து கிடந்த செய்தி வந்தபோது நாடே சிரித்தது. இரண்டு பக்கமும் விளம்பரம் செய்தார்கள். ஒன்று எடுபட்டது, மற்றது எடுபடவில்லை. விளம்பரத்தில் மயங்கினார்கள் என்றால் பெரிய பணப்பையிடம் அல்லவா மயங்கியிருக்க வேண்டும்?

சட்டம் வாக்கைத் தின்கிறது என்று அரசுக்குப் புரிந்தபோது 2007 மே வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் பறிபோகும் சலுகைக்கு ஈடு தரப்படுகிறதா என்று பார்க்க ‘நியாயச் சோதனை’ என்று ஒன்றை அவசரமாகச் சேர்த்தார்கள். வொர்க்சாய்ஸ் என்ற பெயரையே அமைச்சர்கள் உச்சரிப்பதில்லை. ஆகஸ்டில் டாஸ்மேனியாவின் டெவன்போர்ட் அருகே மாநில அரசு சுருக்கவிருந்த ஒரு மருத்துவமனையை மத்திய அரசு திடீரென்று கையில் எடுத்துக்கொண்டது. அது கைநழுவக்கூடிய பிராடன் தொகுதிக்குள் வருவது தற்செயல் என்று நம்புவதற்கு ஆஸ்திரேலியாவில் ஆளில்லை. அந்தத் தொகுதியும் போயிற்று.

பிறகு வட்டி. 2004இல் வாக்குறுதியாகக் கேட்டவர்கள், அதன்பின் ஆறு முறை ஏற்றத்தைப் பார்த்தார்கள். ஆறாவது, தேர்தல் பிரச்சாரத்தின் நடுவிலேயே, நவம்பர் 7 அன்று வந்து விகிதம் 6.75 சதவீதமானது. பிரச்சார காலத்தில் அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றியது அதுவே முதல்முறை. வருந்துகிறேன் என்றார் ஹாவர்ட். மறுநாளே, வருத்தம் தெரிவித்தேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை என்று விளக்கம். வக்கீல் புத்தி எங்கே போகும்!

இத்தனைக்கும் மக்கள் கொதித்துக் கொண்டிருக்கவில்லை. உங்களைக் குழப்பியது இதுதான் என்று நினைக்கிறேன். 1996இல் கீட்டிங்கின் லேபர் அரசுக்கு எதிராகக் குவீன்ஸ்லாந்து மக்கள் பேஸ்பால் மட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள் என்று அந்த மாநிலத்தின் லேபர் முதல்வராக இருந்த வேன் காஸே சொன்னார். 2007இல் மட்டை எதுவும் இல்லை. கருத்துக்கணிப்புகளில் ஹாவர்டின் தனிப்பட்ட மதிப்பு மோசமாக இல்லை. பொருளாதாரத்தை நன்றாகத்தான் நடத்துகிறார் என்று சொல்லிவிட்டு, வாக்கு லேபருக்கு என்றார்கள். கடைசி வாரத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆளுங்கட்சியினர் ஆண்டு முழுக்க நம்பினார்கள். காலம் நன்றாக இருந்ததால்தான் ஆளை மாற்றிப் பார்க்கும் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்துக்குத் தோதாக லேபர் தலைவர் கெவின் ரட் கிடைத்தார்: 50 வயது, கண்ணாடி, குமாஸ்தா முகம், சிட்னியில் நடந்த ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டையொட்டி சீன அதிபர் ஹூ ஜிண்டாவோவிடம் மாண்டரினில் பேசியவர். ஹாவர்ட் 34 பில்லியன் டாலர் வரிக்குறைப்பை அறிவித்தால், அதில் பெரும்பகுதியை அப்படியே தானும் தருவதாக ரட் சொல்லிவிடுவார். பயமுறுத்த எதுவுமே மிச்சம் வைக்கவில்லை.

நீங்கள் பார்த்த தண்ணீர்ப் பஞ்சம் சிறிய விஷயமல்ல. தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்து, குளியலுக்கு நான்கு நிமிடம் என்று பிரச்சாரம் செய்த ஆண்டு அது. பருவநிலை ஒப்பந்தமான கியோட்டோவில் சேர மாட்டேன் என்று அடம்பிடித்த பிரதமரின் பேச்சை, வறண்ட அணையைப் பார்த்துக்கொண்டே மக்கள் கேட்டார்கள். அந்த மாநிலத்தில் லேபரின் இடங்கள் 6இலிருந்து 15 ஆயின.

நம் பக்கத்து வாசகர்கள் மறக்காத இரண்டு சம்பவங்களும் அந்த ஆண்டுதான் நடந்தன. பிப்ரவரியில் படகில் வந்த 83 இலங்கையரை, பெரும்பாலும் தமிழர், நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் முகமது ஹனீஃபை, உறவினரிடம் விட்டுவந்த ஒரு சிம் கார்டை வைத்துப் பயங்கரவாத வழக்கில் சிக்கவைத்தார்கள். ஜாமீன் கிடைத்த அன்றே விசாவை ரத்து செய்தார்கள். அந்த மாதமே வழக்கு உதிர்ந்தது. இவை வாக்கை மாற்றின என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நம்பவில்லை. 2001இல் அகதிப் படகைக் காட்டி வென்ற அதே ஆயுதம் 2007இல் எடுபடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வாக்களிப்பு கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகாவிட்டால் 20 டாலர் அபராதம். மற்ற நாடுகளில் ஆளுங்கட்சி மீது சலித்துப்போன ஆதரவாளன் வீட்டில் படுத்துக்கொள்வான். அங்கே அவன் சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், கையில் பென்சிலைப் பிடித்து, யாருக்கு எத்தனையாவது இடம் என்று எண் போட்டே ஆகவேண்டும். சலிப்பு அப்படியே வாக்காக மாறிவிடுகிறது. 150 இடங்களில் லேபருக்கு 83. 1974 முதல் ஹாவர்ட் வைத்திருந்த பெனலாங், முன்னாள் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் மாக்சின் மெக்யூவிடம் போனது. பதவியிலிருக்கும்போதே தொகுதியை இழந்த இன்னொரு பிரதமர் 1929இல் ஸ்டான்லி புரூஸ். அவரைக் கவிழ்த்ததும் தொழிலாளர் சட்டத்தில் கைவைத்ததுதான். கட்சி வரலாற்றை விரல்நுனியில் வைத்திருந்த ஹாவர்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

காஸ்டெல்லோ. 1994 டிசம்பரில் ஹாவர்ட், காஸ்டெல்லோ இருவரும் சந்தித்தபோது உடனிருந்த அவர்கள் கட்சி எம்.பி. இயன் மெக்லாக்லன், பிரதமரானால் ஒன்றரைப் பதவிக்காலத்துக்குப் பின் விலகிக்கொள்வதாக ஹாவர்ட் சொன்னதைக் குறித்துவைத்து, அந்தத் தாளைத் தன் பர்ஸில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 2006 ஜூலையில் அது வெளியே வந்தது. ஹாவர்ட் அப்படி ஒப்பந்தமே இல்லை என்றார். காஸ்டெல்லோ கோபப்பட்டார், போட்டியிடவில்லை. 2007 செப்டம்பரில், ஏபெக் மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர் சக அமைச்சர்களைக் கூட்டிக் கேட்டார். பெரும்பாலோர் ஹாவர்ட் போய்விடுவதே நல்லது என்றார்கள். அவர் போகவில்லை, வென்றால் பாதியில் விலகி காஸ்டெல்லோவிடம் தருவேன் என்று மட்டும் அறிவித்தார். இவருக்கு வாக்களித்தால் அவர் வருவார் என்பதைவிட மோசமான பிரச்சாரத்தை எதிரிகூட யோசித்திருக்க முடியாது.

2006லேயே மாற்றியிருந்தால்? சில இடங்கள் தப்பியிருக்கலாம். ஆட்சி தப்பியிருக்காது என்றே நினைக்கிறேன். வொர்க்சாய்ஸ் அமைச்சரவை முழுவதும் கூடிப் பெற்ற பிள்ளை. காஸ்டெல்லோ அதைக் கைவிட்டிருப்பார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. எண்பதுகளில் வக்கீலாக முதலாளிகள் தரப்பில் தொழிற்சங்கத்தை எதிர்த்து வாதாடித்தான் அவர் பெயரெடுத்தார். தேர்தலுக்கு மறுநாள் நவம்பர் 25 அன்று, கட்சித் தலைமை தானாகவே கையில் வந்து விழும் நிலையில், தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 2009இல் நாடாளுமன்றத்தைவிட்டும் விலகினார். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க அவருக்கு மனமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.