பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரிக்கும் முன்

கேள்வி: வீட்டின் பின்பக்கம் 30 வருடப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு தளம் போடப் போகிறோம். சுத்தியலால் தட்டி அரை நாளில் இறக்கிவிடலாம், மூக்கில் துணி கட்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. கைக்குழந்தை உள்ள வீடு. செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ஷீட் முழுசாக இருக்கும்வரை அதிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார்களை சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும், கீழே குடியிருப்பதால் மட்டும் பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ கட்டரால் அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் கிளம்பி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போனவற்றில் பல அங்கேயே தங்கிவிடும். அதனால் வரும் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வெளியே தெரிய பெரும்பாலும் 20, 30 வருடம் ஆகிவிடும். வேலை நடக்கும் அன்று இருமல்கூட வராது, அதனால்தான் துணி போதும் என்று தோன்றுகிறது. துணியும் சாதாரண மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது.

இந்த வேலையில் பழகிய ஆட்களிடம் விடுவதுதான் சரி. சில நாடுகளில் இதற்கு உரிமம் வேண்டும், உங்கள் பகுதி விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். யார் செய்தாலும், ஷீட்டை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மெதுவாகத் தெளித்தால் உள்ளே ஊறும். வேகமாகப் பீய்ச்சினால் அதுவே நாரைக் கிளப்பிவிடும். போல்ட்டைக் கழற்றி அல்லது வெட்டி, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும், மேலிருந்து கீழே போடக் கூடாது. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது, அதன்மேல் நேராக ஏறி நின்று கீழே விழுந்து உயிரை விட்டவர்கள் உண்டு. மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வகை வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. அப்புறம், தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கழிவோடு சேர்த்து தடிமனான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, லேபிள் ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கழிவை வாங்கும் இடத்தில் கொடுங்கள். வேலை செய்த உடையோடு குழந்தையைத் தூக்கவே கூடாது. வேலை முடிந்து எல்லாம் சுத்தமாகும்வரை குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: போன மாதம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் டிரில் போட்டு நாலு ஓட்டை போட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: இப்போது எடுத்தால் எதுவும் தெரியாது. இந்த நோய்கள் பெரும்பாலும் வருடக்கணக்கில் தூசியிலேயே வேலை செய்தவர்களுக்கு வருபவை, ஒரு தடவைக்கு ஆபத்து மிகக் குறைவு. புகைப்பவர் என்றால் நிறுத்திவிடுங்கள், ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஓட்டைகளின் ஓரத்தில் பெயிண்ட் அடித்து மூடிவிடுங்கள், இனி அதில் டிரில் வேண்டாம்.