பிரஷர் நார்மல் ஆகிவிட்டதே, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 54. மூன்று வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டில் பார்த்தால் 128/80 காட்டுகிறது. ஒரு நாள் மட்டும் 152 வந்தது. காலையில் கூட நடப்பவர்கள், "நார்மல்தானே, நிறுத்திப் பாருங்கள்" என்கிறார்கள். ஒருவர், தான் சாப்பிடும் மாத்திரைதான் நல்லது, அதற்கு மாறுங்கள் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 128 வந்ததே மாத்திரையால்தான் இருக்கும். நிறுத்தினால் முதலில் ஒன்றும் தெரியாது. பிரஷர் ஏறுவது பலருக்கு உடம்பில் தெரிவதே இல்லை என்பதால், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்ற நினைப்பை நம்ப முடியாது. குளோனிடின், பீட்டா பிளாக்கர் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென விட்டால் அழுத்தம் எகிறவும் செய்யும். நண்பரின் மாத்திரை அவருக்கு நல்லது, சரி. ஆனால் அது பீட்டா பிளாக்கராக இருந்து, உங்களுக்கு ஆஸ்துமாவும் இருந்தால், மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

இப்போது அந்த 152. அன்று எப்படிப் பார்த்தீர்கள்? நடந்து வந்த கையோடு, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே பார்த்தீர்களா? கையைத் தொங்கப் போட்டிருந்தாலும், சிறுநீரை அடக்கியிருந்தாலும் எண் கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையும் அப்படித்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. காபிக்கும் நடைக்கும் பிறகு அரை மணி நேரம் விடுங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேசைமேல், பட்டை இதயத்தின் உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும் ஏழு நாள் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம். மருத்துவமனையில் பார்க்கும்போது இந்தக் கணக்கு 140/90. அங்கே போனாலே சிலருக்கு ஏறிவிடும்.

அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். எடை குறைந்திருந்தால், உப்பைக் குறைத்திருந்தால் அவரே அளவைக் குறைக்கலாம். மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறீர்களா, சளி மாத்திரை போடுகிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவை பிரஷரை ஏற்றக்கூடியவை.

அதற்காக நண்பர்களை விட்டுவிடாதீர்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. லாஸ் ஏஞ்சலஸில் முடி திருத்தும் கடைகளுக்கு வழக்கமாக வரும் 319 கறுப்பின ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு, மருந்தாளுநர் கடைக்கே வந்து, மருத்துவரோடு பேசிவைத்தபடி மருந்தைச் சரிசெய்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 குறைந்தது. முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன பிரிவில் 9தான். பழகிய இடமும் தெரிந்த முகமும் இரண்டு பிரிவுக்கும் உண்டு. கூடுதலாக இறக்கியது, மருந்தாளுநர் சரிசெய்த மருந்து.

உங்கள் குழுவும் அப்படி உதவலாம். "இன்று மாத்திரை போட்டாயா?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் நிற்கிறதா என்று பேசுங்கள். யாராவது பொட்டாசியம் கலந்த உப்பைச் சிபாரிசு செய்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து.

அப்புறம், 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் வந்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.