மரப்பலகை பதித்த சுவருக்கு எந்த ஆணி?

கேள்வி: வீட்டின் வெளிச்சுவரில் 20 மி.மீ. தடிமனுள்ள சீடார் பலகைகளைக் கிடைமட்டமாக, மேல் பலகையின் அடிவிளிம்பு கீழ்ப் பலகையை மூடும்படி அடிக்கப் போகிறோம். வீடு கடலுக்கு அருகில் இருக்கிறது. துத்தநாகம் பூசிய ஆணியே போதும் என்கிறார் தச்சர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவசியமா? ஆணியா, திருகாணியா?

பதில்: துத்தநாக ஆணியைத் தவிர்த்துவிடுங்கள். உப்புக்காற்று ஒரு காரணம்தான். மரமே அதைவிடப் பெரிய காரணம். சீடார், ஓக் போன்ற மரங்களில் அமிலத்தன்மையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் உண்டு. மழையில் நனையும்போது டானின் இரும்புடன் சேர்ந்து, ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கருநீலக் கோடாக வழியும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் கழுவினால் கறை போகும். ஆணி அங்கேயே இருந்தால் மீண்டும் வரும். பளபளப்பாகத் தெரியும் மின்முலாம் ஆணிகளில் துத்தநாகம் சில மைக்ரான் தடிமன்தான். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவை எவ்வளவோ மேல், ஆனால் சுத்தியல் படும் தலைப்பகுதியில்தான் பூச்சு முதலில் உதிர்கிறது. மழை படுவதும் அங்கேதான். பலகைகளைத் தாங்க உள்ளே அடித்திருக்கும் ரீப்பர் சட்டம் தாமிரம் கலந்த மருந்து ஏற்றியதாக இருந்தால் பூச்சு இன்னும் வேகமாக அரிக்கப்படும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் தரம் கேட்டு வாங்குங்கள். 304 என்ற தரம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகளுக்குப் போதும். கடலோரத்துக்கு 316 வேண்டும். அதில் உள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் உப்பின் அரிப்பைத் தாங்க உதவுகிறது. காந்தம் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். விலை உறுத்தும்தான், ஆனால் பலகைக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் செலவு சிறியது.

சீடாருக்கு ஆணியே போதும், ஆனால் வழவழப்பான ஆணி கூடாது. மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போது அது மெல்ல வெளியே வந்துவிடும். தண்டில் வளைய வரிகள் உள்ளதைக் கேளுங்கள். பலகைத் தடிமனைப் போல் இரண்டரை மடங்கு நீளம், அதாவது 50 மி.மீ. இருக்கட்டும். அதில் 30 மி.மீ. உள்ளே இறங்கும், ரீப்பர் அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது ஆணி அடிக்கும் இடத்தில்தான். மேல் பலகை வழியாகச் செல்லும் ஆணி கீழ்ப் பலகையைத் துளைக்கக் கூடாது. அதன் மேல்விளிம்புக்குச் சற்று மேலே நேராக ரீப்பரில் இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அடித்தால் சுருங்க இடமின்றிப் பலகை பிளக்கும். சீடார் மென்மையான மரம் என்பதால், ஆணித் துப்பாக்கியில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலை பலகையின் பரப்போடு நிற்கட்டும். உள்ளே புதைந்தால் அந்தக் குழியில் நீர் தங்கும்.

ஓக் போன்ற கடின மரத்துக்கும், பின்னால் கழற்ற வேண்டியிருக்கும் பலகைகளுக்கும் திருகாணி நல்லது. ஸ்டெயின்லெஸ் திருகாணி எளிதில் முறியக்கூடியது. முதலில் துளையிட்டுக்கொண்டுதான் முடுக்க வேண்டும். பலகையில் போடும் துளை திருகாணித் தண்டைவிட ஓரிரு மி.மீ. அகலமாக இருந்தால் மரம் அசைய இடம் கிடைக்கும்.