நாடாளுமன்றச் சீர்திருத்தம் பற்றி வந்த கேலிச்சித்திரங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

1831இல் இங்கிலாந்தில் வெளியான மரம் வெட்டும் படம்தான். பல வருடங்களாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உளுத்துப்போன ஒரு பெரிய மரம், அதாவது அன்றைய ஊழல் தேர்தல் முறை. கிளைகளில் கூடுகள், கூடுகளில் நீர்க்காகங்கள். கூடுகளின் மேல் தேர்தல் தொகுதிகளின் பெயர்கள். ஆங்கிலத்தில் நீர்க்காகம் என்றால் பெருந்தீனிக்காரன் என்றும் பொருள் உண்டு. ஒரு பக்கம் சீர்திருத்தக்காரர்கள் கோடாலியால் வெட்டுகிறார்கள். மறுபக்கம் எதிர்ப்பாளர்கள் மரம் சாயாமல் முட்டுக் கொடுக்கிறார்கள். தூரத்துக் குன்றில் மன்னரும் அரசியும் நிற்கிறார்கள்.

அந்தத் தொகுதிகளின் கதை தெரிந்தால் படம் இன்னும் சுடும். ஓல்டு சாரம் என்பது மக்கள் எப்போதோ கைவிட்டுப் போன மண்மேடு. டன்விச் ஊரின் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. இரண்டுக்கும் தலா 2 உறுப்பினர்கள்! நிலச்சொந்தக்காரர் கைகாட்டியவர் உறுப்பினர், அவ்வளவுதான். லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்கோ ஒருவர்கூட இல்லை. பக்கம் பக்கமாக எழுத வேண்டிய அநியாயத்தை எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் புரியவைத்தது அந்த மரம்.

அதே ஆண்டு ஜான் டாயில் வரைந்த படமும் எனக்குப் பிடிக்கும். எச்.பி. என்ற புனைபெயரில் வரைந்தவர். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் தாத்தா. அதில் மன்னர் நான்காம் வில்லியம் சுவரில் கிறுக்கியிருக்கும் 'ரிஃபார்ம் பில்' என்பதைப் படிக்கிறார். சீர்திருத்த மசோதா என்று பொருள். ஆனால் பில் என்பது வில்லியம் என்ற பெயரின் செல்லச் சுருக்கமும்கூட. அப்போது அது 'திருந்து, பில்!' என்றாகிவிடுகிறது. 'என்னையா சொல்கிறார்கள்?' என்று திகைக்கிறார் மன்னர். இரண்டே சொல்லில் ஒரு மன்னரை நிறுத்திக் கேள்வி கேட்ட துணிச்சல் அது.

மரம் படத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 1832 ஜூனில் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. சரி, ஆனால் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு ஓட்டு கிடைக்கவில்லை. வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு வர 1872 ஆயிற்று. அதுவரை குத்தகைக்காரர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது பண்ணையாருக்குத் தெரிந்தே இருந்தது. மரம் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அந்தப் படம் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அந்த மரம் படம் இருக்கிறது. பெரிதாக்கி, கூடுகளில் உள்ள பெயர்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.