வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது; காப்பித் தோட்டத்தில் வேலை. கீழ்த்தாடையில் ஞானப்பல்லை ஒட்டியிருந்த கட்டியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பயாப்ஸியில் 'ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்' என்று வந்தது. இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கீழுதடு மட்டும் சற்று மரத்திருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுக்கப் போவது அவசியந்தானா என்று அவர் கேட்கிறார்.
– வாசகி, ஏற்காடு

பதில்: அவசியந்தான், சகோதரி. சொத்தைப் பல்லின் வேர்நுனியில் உண்டாகும் சாதாரண நீர்க்கட்டியை முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அத்துடன் தொல்லை தீர்ந்துவிடும். பல்லை உருவாக்கும் திசுவின் மிச்சத்திலிருந்து தாடையெலும்புக்குள் தோன்றும் கட்டியான கெரட்டோசிஸ்ட் அப்படிப்பட்டதன்று. அது எலும்பை வெளியே புடைக்கச் செய்யாமல், உள்ளேயுள்ள மஜ்ஜைப் பகுதி வழியாக முன்னும் பின்னும் நீண்டு வளர்வதால், முகத்தில் வீக்கம் தெரிவதற்குள் தாடையின் பெரும்பகுதியை அரித்திருக்கக்கூடும். அதன் சவ்வோ வெங்காயத்தின் உள்தோலைப் போல மெல்லியது. எடுக்கும்போதே கிழிந்து துணுக்குகள் எலும்பில் தங்கிவிடலாம், அருகிலேயே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கட்டிகளும் இருக்கலாம். இதனால்தான் பல அறுவை மருத்துவர்கள் கட்டியை எடுத்த பின் சுற்றியுள்ள எலும்பையும் சிறிது இழைத்துவிடுகிறார்கள். சிலர், எஞ்சிய கட்டிச் செல்களை அழிக்கும் கார்னாய்ஸ் கரைசல் என்ற மருந்தையும் தடவுகிறார்கள். அவ்வளவு செய்தும் சிலருக்கு மீண்டும் வருகிறது.

திரும்ப வருவது பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளுக்குள். 10 ஆண்டுகள் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆகவே 5 ஆண்டுகள் வரை ஆண்டுக்கொரு ஓபிஜி எக்ஸ்ரேயும் (இரு தாடைகளையும் ஒரே படத்தில் முழுமையாகக் காட்டுவது), அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர் பரிசோதனையும் தேவை. தொடக்கத்திலேயே கண்டால் சிறிய அறுவையோடு போய்விடும். வளரவிட்டால் தாடையின் ஒரு பகுதியையே வெட்டியெடுத்துத் தகடு பொருத்த நேரலாம். மலையிறங்கி வருவதால் போகும் கூலி உங்கள் வீட்டுக்குப் பெரிது என்பதை நான் அறிவேன்; ஆனால் அந்த அறுவைக்குப் பின் அவர் வேலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும்.

போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் தவறாமல் கொண்டு செல்லுங்கள். அறுவை நடந்த குழி கறுப்பாகத் தெரிந்து, பின் ஓரங்களிலிருந்து எலும்பு வளர வளர வெளுத்துக்கொண்டே வரும். வெளுத்த இடத்தில் மீண்டும் தெளிவான விளிம்போடு ஒரு கறுப்பு வட்டம் தோன்றுகிறதா என்பதைப் படங்களை அருகருகே வைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

உதடு மரத்திருப்பது, தாடைக்குள் ஓடும் நரம்பு அறுவையின்போது பாதிக்கப்பட்டதால் இருக்கலாம். இது பொதுவாகச் சில மாதங்களில் தேறும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இருப்பது முழுவதும் நீங்கும் வாய்ப்பு குறைவு. சூடான காப்பி உதட்டைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் ஆறவைத்துக் கொடுங்கள். மரமரப்பு இப்போதிருப்பதைவிடக் கூடினால், அடுத்த ஆண்டுப் பரிசோதனை வரை காத்திராமல் அந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.