இயந்திரப் பொறியியல் மட்டும் படித்தவரை உயிர்மருத்துவ நுண்சாதன ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வார்களா?

உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்ட நீங்கள், உயிர்மருத்துவ நுண்சாதன ஆய்வகத்தில் (செல்களையும் இரத்தத்தையும் மிக நுண்ணிய கால்வாய்கள் கொண்ட சிறு சிப்புகளில் சோதிக்கும் ஆய்வகத்தில்) முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகக் கிடைக்கும். நானும் இயந்திரப் பொறியியலிலிருந்து இந்தத் துறைக்கு வந்து, இன்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறேன்.

இந்தத் துறைக்குப் பல வாசல்கள். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சிலிக்கன் தகட்டின் மேல் வாயுப் பகுப்பாய்வுக் கருவியை அமைத்தவர்கள் மின்பொறியாளர்கள். 1998இல் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரில் நுண்கால்வாய்களை விரைவாக வார்க்கும் முறையை வெளியிட்ட ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் வேதியியலாளர். 2010இல் ஹார்வர்டில் டோங்கன் ஹூ, டொனால்ட் இங்பர் குழுவினர் மூச்சு விரிந்து சுருங்குவதுபோல் இழுபடும் மெல்லிய சவ்வில் நுரையீரல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். பொறியியலும் உயிரியலும் சேராமல் அது நடந்திருக்காது.

உங்களுக்குத் தெரிந்த பாய்ம இயக்கவியல் இங்கே அன்றாடத் தேவை. நுண்கால்வாயில் இரண்டு நீரோட்டங்கள் கொந்தளிப்பின்றி அருகருகே ஓடும். மூலக்கூறுகள் தாமாகவே மெல்லப் பரவும் விரவல் ஒன்றால்தான் கலக்கும். சிறிய மூலக்கூறு 0.1 மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ 5 நொடி போதும். 1 மில்லிமீட்டருக்கு 8 நிமிடத்துக்கும் மேல் ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. இந்தக் கணக்கு கைவந்தவருக்குச் செல் வளர்ப்பை ஆய்வகத்திலேயே கற்றுக்கொடுத்துவிடலாம்.

மதிப்பெண் பட்டியலை நான் விரைவாகக் கடந்துவிடுவேன். நோக்க அறிக்கையில் ஏதோ ஒன்று சரியாக வராதபோது விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்பதைத்தான் நின்று படிப்பேன். ஒரு மாணவி, தன் சிப்பில் ஒட்டிய இடம் ஒழுகியதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். ஒட்டுவதற்காகப் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவில், வைத்த பிடிஎம்எஸ்ஸின் பரப்பு நேரம் செல்லச் செல்ல மீண்டும் நீர் ஒட்டாத தன்மைக்குத் திரும்பிவிடும்; பிறகு சரியாக ஒட்டாது. காத்திருப்பு நேரத்தை மாற்றி மாற்றிச் சோதித்து, தாமதம்தான் காரணம் என்று அவரே கண்டுபிடித்திருந்தார். அந்தப் பத்திக்காகவே அவரை நேர்காணலுக்கு அழைத்தேன்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எடுத்துக்காட்டாக, பிடிஎம்எஸ் சில மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியானால் செல்லுக்குப் போய்ச் சேர்ந்த அளவை எப்படி உறுதிசெய்தார்கள்? இப்படிக் கேட்பவருக்கு நான் நிச்சயம் பதில் எழுதுவேன்.

இடம் கிடைக்காவிட்டால் உங்கள் தகுதியைச் சந்தேகிக்க வேண்டாம். பல நேரங்களில் அந்த ஆண்டு புதிய மாணவருக்கு உதவித்தொகை தர நெறியாளரிடம் ஆய்வு நிதி இருக்காது. நல்ல விண்ணப்பங்களைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தமான வேலை. ஆகவே, இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். ஆய்வகத்தோடு மருத்துவர் யாராவது சேர்ந்து வேலை செய்கிறாரா என்பதை அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் விசாரியுங்கள். நோயாளியின் இரத்த மாதிரி அவர் வழியாகத்தான் உங்கள் சிப்புக்கு வந்து சேரும்.