இ-பாஸுக்கு ஆளுக்கு 300 ரூபாயா?

கேள்வி: மே மாத விடுமுறையில் ஊட்டி போகிறோம். நான், மனைவி, 15 வயது மகன், 11 வயது மகள், 70 வயது அம்மா, என் தங்கை என்று ஆறு பேர். மதுரையிலிருந்து சொந்தக் காரில் வந்து, அதை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு மலை ரயிலில் ஏற வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஒரு ஏஜென்ட் இ-பாஸுக்கு ஆளுக்கு 300 ரூபாய், ரயில் டிக்கெட், மகனுக்கு இரவு ட்ரெக்கிங் எல்லாம் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்கிறார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இ-பாஸ் என்பது ஊட்டிக்கு வரும் வண்டிக்கான ஆன்லைன் அனுமதி; அது வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. கட்டணமும் கிடையாது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இணையதளத்தில் வண்டி எண், பயண நாள், தங்குமிடம் போன்ற விவரங்களைக் கொடுத்தால் கைப்பேசிக்கே வந்துவிடும். முகவரியில் டி.என்.இ.ஜி.ஏ. என்ற ஐந்தெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ஆம் தேதி இந்த முறை வந்தது. 2025 கோடைக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அன்றைய வரம்பு தீர்ந்துவிட்டால் ஏஜென்ட்டுக்கும் பாஸ் கிடையாது, அவருடைய மாமாவுக்கும் கிடையாது.

அதைவிட முக்கியம், உங்களுக்கு இ-பாஸே தேவையில்லை. காரைக் கீழே விட்டுவிட்டு ரயிலிலோ அரசுப் பேருந்திலோ மலையேறுகிறவர்களை யாரும் பாஸ் கேட்பதில்லை. தேவையே இல்லாத இலவசக் காகிதத்துக்கு ஆறு பேருக்கு 1,800 ரூபாய் கேட்கிறார் மனிதர்!

சரி, ரயிலுக்கு வருவோம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘மலை ரயில் டிக்கெட் கன்ஃபர்ம்’ என்று அனுப்புவார்கள். வாங்கிப் பார்த்தால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இருக்கும். அதுவும் அழகான பயணம்தான், ஆனால் அதை இழுப்பது டீசல் எஞ்சின். உங்கள் அம்மா மனதில் இருக்கும் நீராவி எஞ்சின், தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரம் கவ்வி ஏறும் பாதை, பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுவது, எல்லாம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில். அந்தப் பகுதியில்தான் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஆகவே டிக்கெட்டில் ‘மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். காலை 7.10-க்குக் கிளம்பி நண்பகல் வாக்கில் சேரும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அம்மாவுக்குக் கையில் ஏதாவது பலகாரம் கொடுத்து ஏற்றுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துவிடுங்கள். திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் என்பது உண்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து நாளொன்றுக்கு வழக்கமாக மேலே போவது இந்த ஒரே ரயில். கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில். இடைத்தரகர் பிழைப்பது இந்த ஓட்டையில்தான்.

‘வேறு பெயரில் டிக்கெட் இருக்கிறது, பிரச்சினை இல்லை’ என்பது அவர்களின் அடுத்த வசனம். பிரச்சினைதான். பரிசோதகர் அடையாள அட்டை கேட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான் நீங்கள். ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். உறுதியான டிக்கெட்டைக் குடும்பத்தாருக்கு மாற்றலாம். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. அவ்வளவுதான். மருமகன் கிடையாது, சித்தப்பா கிடையாது. அதாவது அம்மாவுக்கு முடியாமல் போனால் அந்த இடத்துக்கு உங்கள் அண்ணனையோ தம்பியையோ மாற்றிக்கொள்ளலாம், உங்கள் மாமியாரைக் கூட்டி வர முடியாது. ஏஜென்ட் யாரோ ஒருவர் பெயரில் எடுத்து வைத்ததை உங்களுக்கு மாற்ற எந்த வழியும் இல்லை.

இரவு ட்ரெக்கிங் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தது நினைவிருக்கும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போனால் வழக்கு உங்கள் மேல் வரும், கூட்டிப்போன ஜீப்காரர் நழுவிவிடுவார். 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியது. நாற்பது பாதை, ஆன்லைன் பதிவு, கூடவே வழிகாட்டி. கோத்தகிரியில் லாங்வுட் சோலை எளிது. மகள்கூட நடப்பாள். (ரயிலுக்கு ஒரு தளம், வண்டிக்கு ஒரு தளம், காட்டுக்கு ஒரு தளம். மூன்றையும் ஓரிடத்தில் வைத்திருந்தால் இந்த ஏஜென்ட்டுக்கு வேலையே இருக்காது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.)

அம்மாவுக்கு நடக்க வேண்டாத இடம் கேட்டால், ஊட்டியில் 1831-இல் திறந்த புனித ஸ்டீபன் தேவாலயம். அதன் மரத்தூண்களும் உத்திரமும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. திரும்பும்போது ரயில் வேண்டாம், கோத்தகிரி வழியாகப் பேருந்தில் இறங்குங்கள். பக்கத்தில் கன்னேரிமுக்கில், கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா இருக்கிறது. ஊட்டி உருவாகும் முன்பே அந்த மனிதர் குடியேறிய வீடு. காலையில் லாங்வுட் சோலை, அப்புறம் பங்களா, மாலையில் மேட்டுப்பாளையம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மேலே கொண்டுபோகாதீர்கள், சோதனையில் பிடுங்குவார்கள். எவர்சில்வர் பாட்டில் போதும். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தும்போது எத்தனை இரவு என்று எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.